சென்னை சூப்பர் கிங்ஸும் எங்க ஊர் கல்வெட்டும்

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. சுருக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இழுத்துக்கிட்டே போயிடுச்சு. பொறுமையா படிங்க மக்களே.

ஆபீஸ்ல நம்ம ப்ராஜெக்டோட க்ளையண்ட் அமெரிக்காவுல, விஸ்கான்சின் மாநிலத்துல. தினமும் ராத்திரி ஏழரைக்கு கால். எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் அஞ்சு நிமிஷம் வெட்டிப்பேச்சு ஓடும். அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெரியவர், ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி, கேமராவை ஆன் பண்ணா அவருக்குப் பின்னாடி சுவத்துல ஒரு சர்டிஃபிகேட் ஃப்ரேம் போட்டுத் தொங்கும். ஏதோ டிகிரி போலன்னு நினைச்சிருந்தேன். ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன். "அது நான் ஒரு டீமுக்கு ஓனர்ங்கறதுக்கு அத்தாட்சி"ன்னார்.

நான் ஆடிப்போயிட்டேன். இவ்ளோ பெரிய கோடீஸ்வரர் நம்ம கூட உக்காந்து பக் லிஸ்ட் பாத்துக்கிட்டிருக்காரேன்னு.

அப்புறம்தான் விஷயமே புரிஞ்சுது. அமெரிக்கால ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லை. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு, ஹெல்மெட்டு கவசமெல்லாம் மாட்டிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் முட்டித் தள்ற ஆட்டம். அதுக்கான தொழில்முறை லீக் என்எஃப்எல். 1920-ல ஓஹியோ மாநிலத்துல கேன்டன்ங்கற ஊர்ல, ஒரு கார் ஷோரூம்ல கூடிப் பேசி ஆரம்பிச்சது. இன்னிக்கு 32 டீம். அதுல 31 டீமுக்கு கோடீஸ்வரர்கள் முதலாளி. மிச்சம் இருக்கிற ஒண்ணுதான் க்ரீன் பே பேக்கர்ஸ். ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனம் இருக்கிற சின்ன ஊரோட டீம். 1923-ல காசில்லாம மூடற நிலைமை வந்தப்போ ஊர்க்காரங்ககிட்டயே பங்கு வித்து நிமிர்ந்துச்சு. இப்போ அஞ்சு லட்சத்துக்கும் மேல பங்குதாரர்கள். டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விக்கவும் முடியாது. சுவத்துல மாட்டிக்கலாம், அவ்ளோதான்.

ஆனா அவர் பெருமையா சொன்னது பங்கைப் பத்தி இல்லை. "வருஷா வருஷம் ஸ்டேடியத்துலயே கூட்டம் போட்டு வரவு செலவு சொல்லுவாங்க. என்எஃப்எல்-ல மத்த எந்த டீமும் கணக்கை வெளியில காட்டாது. இந்த லீக்ல பணம் எப்படிப் போகுது வருதுன்னு நாட்டுக்கே தெரியறது எங்க டீம் கணக்கை வச்சுத்தான்"னார்.

அதோட நிறுத்தியிருக்கலாம். "உங்க டீமுக்கு யார் ஓனர்?"னு திருப்பிக் கேட்டார்.

"சிமெண்ட் கம்பெனிக்காரர்"னேன்.

"லீக்கை நடத்துறது யாரு?"

"போர்டு."

"போர்டுக்குத் தலைவர்?"

"அவரும் கொஞ்ச காலம்... அதே சிமெண்ட் கம்பெனிக்காரர்தான்."

மனுஷர் சிரிக்கலை. காதுல சரியா விழலைன்னு நினைச்சு இன்னொரு தடவை கேட்டார் :-(

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்தக் கதையைப் பத்து வருஷத்துக்கு மேல நான் வேற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தேன். இப்போ முதல்லேருந்து ஒழுங்கா சொல்லிப் பாக்குறேன்.

முதலாளிகள் வளர்த்த ஆட்டம்

தமிழ்நாட்டு கிரிக்கெட்டுக்கும் கம்பெனிகளுக்கும் உள்ள உறவு ஐபிஎல்-லோட ஆரம்பிச்சது இல்லீங்க. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு இருக்கிற பேரே ஒரு தொழிலதிபர் பேருதான். எம்.ஏ.சிதம்பரம், ஸ்பிக் உரக் கம்பெனியை ஆரம்பிச்சவர், 1960-லேருந்து 63 வரைக்கும் இந்திய கிரிக்கெட் போர்டு தலைவர். அவர் மகன் ஏ.சி.முத்தையா 1999-லேருந்து 2001 வரைக்கும் அதே நாற்காலியில உக்காந்தார். சென்னை லீக்ல ஆடுற டீம் பேரையெல்லாம் பாருங்க, பாதிக்கு மேல கம்பெனி பேரு. மத்த மாநிலத்துல கிரிக்கெட் சங்கத்துக்கு அரசியல்வாதி தலைவரா வருவார், நம்மகிட்ட பெரும்பாலும் முதலாளி வந்தார். இதை முழுக்கக் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். மிடில் கிளாஸ் வீட்டுப் பையன் காலேஜ் முடிச்சதும் ஏதோ ஒரு கம்பெனியில சம்பளம் போட்டு, பேருக்கு ஒரு சீட்டு கொடுத்து, போய் ஆடுப்பான்னு விட்டதாலதான் பல பேர் ஆட்டத்துல நிலைச்சாங்க.

அந்த வரிசையில வந்தவர்தான் என்.சீனிவாசன். இந்தியா சிமெண்ட்ஸ் 1946-ல ஆரம்பிச்ச கம்பெனி, முதல் ஆலை திருநெல்வேலி பக்கம் தாழையூத்துல. ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் டி.எஸ்.நாராயணசுவாமி, சீனிவாசனோட அப்பா. சீனிவாசன் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவரானார், அப்புறம் 2005-ல பிசிசிஐ பொருளாளர்.

பொருளாளர். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

2008 ஜனவரி 24. ஐபிஎல் அணிகளோட ஏலம். சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்துச்சு. ஏலம் விட்டது பிசிசிஐ. பிசிசிஐ-யோட பொருளாளர் சீனிவாசன். ஏலம் எடுத்த கம்பெனியோட நிர்வாக இயக்குநரும் சீனிவாசன்.

போர்டு விதிகள்ல 6.2.4-னு ஒரு பிரிவு இருந்துச்சு. போர்டு நடத்துற ஆட்டங்கள்ல நிர்வாகி யாருக்கும் நேரடியாவோ மறைமுகமாவோ வியாபார ஈடுபாடு இருக்கக் கூடாதுங்கறது அதோட சாரம். அப்போ தலைவரா இருந்த சரத் பவார்கிட்ட கேட்டுட்டுத்தான் வாங்கினோம்னு சீனிவாசன் தரப்பு சொன்னது. ஆனா விதி விதிதானே? அந்த வருஷம் செப்டம்பர்ல விதியையே மாத்தினாங்க. ஐபிஎல் மாதிரியான போட்டிகளுக்கு மட்டும் இது பொருந்தாதுன்னு ஒரு வாலைச் சேர்த்தாங்க. அதே செப்டம்பர்ல அவர் செயலாளரும் ஆனார். ப்ரொடக்‌ஷன்ல பிழையான கோடை ஏத்திட்டு, எட்டு மாசம் கழிச்சு ரெக்வயர்மென்ட் டாக்குமெண்ட்டைத் திருத்துற மாதிரி. நம்ம தொழில்ல இதைப் பண்ணா ஆடிட்ல மாட்டுவோம்.

இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவர் வேற யாரும் இல்லை, அதே ஏ.சி.முத்தையா. ஒரு முதலாளியை எதிர்த்து இன்னொரு முதலாளி. பழைய பகைன்னு அப்போ நிறைய பேர் தள்ளிவிட்டாங்க. 2011 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல, விஷயம் தொங்கலாயிடுச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல சீனிவாசன் பிசிசிஐ தலைவரே ஆயிட்டார்.

கொஞ்சம் நிதானமா எண்ணிப் பாருங்க. போர்டு தலைவர் சென்னை டீம் முதலாளி. இந்திய டீம் கேப்டன் தோனி சென்னை டீமுக்கும் கேப்டன், அதுபோக இந்தியா சிமெண்ட்ஸ்ல துணைத் தலைவர் பதவி வேற. தேர்வுக்குழுத் தலைவரா 2008-ல வந்த ஸ்ரீகாந்த், சென்னை டீமோட விளம்பரத் தூதர். 2012 தொடக்கத்துல தேர்வாளர்கள் தோனியை ஒருநாள் கேப்டன் பதவியிலேருந்து எடுக்க நினைச்சப்போ, தலைவர் கையெழுத்துப் போடலை. இதை வெளியில சொன்னவர் அப்போ தேர்வாளரா இருந்த மொஹிந்தர் அமர்நாத். பின்னாடி சீனிவாசனே ஆமாம்னு ஒத்துக்கிட்டார். தோனியை வச்சிருந்தது நல்ல முடிவுதான், அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் டிராஃபியே ஜெயிச்சார். ஆனா அது நல்ல முடிவா, இல்லை நம்ம கம்பெனி ஆளுன்னு எடுத்த முடிவாங்கற சந்தேகத்தை யாராலயும் தீர்க்க முடியாம போச்சு பாருங்க, அதுதான் பிரச்சினை.

மருமகன்

2013 மே. நான் பத்தாவது பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருந்த லீவு. 16-ஆம் தேதி ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூணு பேரை டெல்லி போலீஸ் பிடிச்சுது. 24-ஆம் தேதி மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பனைக் கைது பண்ணுச்சு, ஆட்டத்து மேல பெட் கட்டினதா. ஏவிஎம் குடும்பத்துப் பிள்ளை, சீனிவாசனோட மருமகன். அதுவரைக்கும் ஏலத்துல, மைதானத்துல, டீம் உக்கார்ற இடத்துல எல்லாம் அவர் முகத்தைத்தான் பாத்தோம். கைதாகுற அன்னிக்கு கம்பெனி ஒரு அறிக்கை விட்டுச்சு: அவர் ஓனரும் இல்லை, டீம் பிரின்சிபலும் இல்லை, நிர்வாகக் குழுவுல கௌரவ உறுப்பினர், அவ்வளவுதான்னு.

ரெண்டு நாள் கழிச்சு கொல்கத்தாவுல ஃபைனல். மும்பைகிட்ட தோத்தோம்.

சீனிவாசன் தற்காலிகமா ஒதுங்கினார். பிசிசிஐ தானே ரெண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை வச்சு விசாரிச்சு, தப்பு ஒண்ணும் நடக்கலைன்னு ஜூலைல முடிச்சுது. பீகார் கிரிக்கெட் சங்கம் போட்ட வழக்குல, அந்த விசாரணைக் குழுவே செல்லாதுன்னு மும்பை ஹைகோர்ட் ரெண்டு நாள்ல சொல்லிடுச்சு. கணக்குப் பிள்ளையே ஆடிட்டரையும் நியமிச்சா அப்படித்தான் ஆகும்.

அப்புறம் சுப்ரீம் கோர்ட் நீதிபதி முத்கல் தலைமையில குழு போட்டுச்சு. குருநாத் டீம் அதிகாரிதான், பெட் கட்டினது உண்மைன்னு அந்தக் குழு சொல்லுச்சு. 2015 ஜனவரி 22-ல நீதிபதிகள் டி.எஸ்.தாக்கூர், இப்ராஹிம் கலிஃபுல்லா தீர்ப்பு. அந்த 6.2.4 வாலை வெட்டிட்டாங்க. டீம்ல வியாபார ஈடுபாடு இருக்கற வரைக்கும் போர்டு தேர்தல்ல சீனிவாசன் நிக்க முடியாதுன்னுட்டாங்க. நியாயமா ஒண்ணையும் சொல்லணும்: மருமகன் விஷயத்தை அவர் மூடி மறைச்சார்ங்கற குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலைன்னும் அதே தீர்ப்புல இருக்கு.

தண்டனை எவ்வளவுன்னு முடிவு பண்ண முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில இன்னொரு குழு. 2015 ஜூலை 14-ல அவங்க சொன்னது நமக்கெல்லாம் மறக்காது. சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் ரெண்டு வருஷம் தடை. 2016, 2017 ரெண்டு சீசன் மஞ்சள் சட்டை கிடையாது. தோனி புனே டீம்ல, ரெய்னா குஜராத் டீம்ல.

அப்போ நான் இஞ்சினியரிங் முதல் வருஷம் சேர்ந்த புதுசு. காலேஜ் பஸ்ல சண்டையே நடந்துச்சு. "வடக்கத்திக்காரன் சதி", "சென்னை ஜெயிச்சா அவனுக்குப் பொறுக்கலை", இதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். ஒருத்தன் மட்டும், "இன்னாபா, மாமனார் போர்டு தலைவரு, மருமவன் பெட்டு கட்றான், இதுல வடக்கு தெற்கு எங்கேந்து வந்துது?"ன்னு கேட்டான். அவன்கிட்ட ஒரு மாசம் பேசலை. அவன் எங்க ஊர்க்காரன்தான்.

எங்க ஊர்

எங்க ஊர்னா உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டம். பஸ் ஸ்டாண்டுலேருந்து நடக்கற தூரத்துல வைகுண்டப் பெருமாள் கோயில். அதோட மண்டபச் சுவத்துலதான் அந்தக் கல்வெட்டுகள். பாடப் புத்தகத்துல "குடவோலை முறை"ன்னு ஒரு பத்தி படிச்சிருப்பீங்களே, அதேதான். முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. அப்படி வந்தவங்க சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம்னு 360 நாள் வேலை பாப்பாங்க.

நாங்க அந்த மண்டபத்துல புளியோதரை தின்னுருக்கோம், ஒளிஞ்சு விளையாடியிருக்கோம். கல்லைப் படிச்சதில்லை. க்ளையண்ட் கால் முடிஞ்ச அந்த வாரம் ஊருக்குப் போனப்போதான் கல்வெட்டோட பாடத்தையும் விளக்கத்தையும் முழுசாப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு முடி சிலிர்த்துச்சு.

ஒண்ணு. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். (919-ல 30-லேருந்து 60-னு இருந்துச்சு, ரெண்டு வருஷத்துல மாத்தியிருக்காங்க. வெர்ஷன் 2!)

ரெண்டு. முந்தின மூணு வருஷத்துல எந்த வாரியத்துலயும் இருந்திருக்கக் கூடாது.

மூணு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரங்களும் வர முடியாது. யார் யாருன்னு சுத்திவளைக்காம பட்டியலே போட்டிருக்காங்க. சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை மாமன் பிள்ளைங்க, தாய்மாமன், அப்பாவோட கூடப்பிறந்தவன், தன் கூடப்பிறந்தவன், மாமனார், மச்சான், தங்கச்சி புருஷன், அவ பிள்ளை, அப்பன், மகன்.

அப்புறம், மகளைக் கட்டின மருமகன்.

எழுதினவன் மனுஷன் குடும்பத்தை எப்படிக் கரைச்சுக் குடிச்சிருக்கான் பாருங்க! "அவர் நிர்வாகக் குழுவுல கௌரவ உறுப்பினர்தான்"னு நாளைக்கு ஒருத்தன் வந்து நிப்பான்னு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

நாலு. கணக்கு எழுதறவன், தன் காலத்துக் கணக்கைப் பெரிய வாரியத்துகிட்ட காட்டி நேர்மையானவன்னு பேர் வாங்காம மறுபடி கணக்கு எழுத முடியாது. அதையும் அவனேதான் காட்டணும். அவன் கணக்கை முடிச்சு வைக்க வேற கணக்கனை விடக் கூடாது.

இப்போ லோதா குழு 2016 ஜனவரியில கொடுத்த சீர்திருத்த அறிக்கையைப் பாருங்க. 70 வயசுக்கு மேல நிர்வாகி கூடாது. மூணு வருஷப் பதவி முடிஞ்சா மூணு வருஷம் ஒதுங்கி இருக்கணும். ஒருத்தரே ரெண்டு பக்கமும் உக்காரக் கூடாது. அமைச்சர்கள், அரசு அதிகாரிகள் கூடாது. லோதா எங்க ஊர்க் கல்லைப் பாத்து எழுதினார்னு நான் சொல்ல வரலை. நிர்வாகம்னு ஒண்ணு இருந்தா மனுஷன் எங்கெங்க வழுக்குவான்ங்கறது மாறவே இல்லை, அவ்வளவுதான்.

உடனே "பாத்தியா, தமிழன் அன்னிக்கே"ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்காதீங்க. 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் எங்க ஊர் பேரைச் சொன்னார், அன்னிக்கு டீக்கடையில எல்லாருக்கும் பெருமை தாங்கலை. ஆனா அந்தச் சபை பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரோட சபை. கால் வேலிக்கு மேல சொந்த நிலம் வேணும், வேதம் படிச்சிருக்கணும். பெண்களுக்கு இடமில்லை. ஏரியில மண்ணு வாரினவனுக்கும் வயல்ல நாத்து நட்டவளுக்கும் அந்தக் குடத்துல ஓலை கிடையாது. எங்க தாத்தா பேரும் அதுல விழுந்திருக்காது. எனக்கு அந்தக் கல்லுல பிடிச்சது ஜனநாயகம் இல்லை. உள்ளுக்குள்ள இருக்கறவனையே நம்பாம, கணக்கைக் காட்டுன்னு கேட்ட அந்தச் சந்தேக புத்தி.

அவங்க மட்டும் யோக்கியமா?

அமெரிக்காக்காரன் உத்தமன்னு நினைச்சுடாதீங்க. என்எஃப்எல் அணிகள் சேர்ந்து டிவி உரிமையை மொத்தமா விக்கறது அந்த ஊர் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானதுன்னு கோர்ட் சொன்னப்போ, 1961-ல அதுக்குன்னே தனிச் சட்டம் கொண்டுவந்தாங்க, கென்னடி கையெழுத்துப் போட்டார். 1966-ல போட்டி லீக் ஒண்ணோட இணையறதுக்கு மறுபடி விலக்கு வேணும். அதை நிறைவேத்தித் தந்ததுல முக்கியமானவங்க லூசியானா மாநில அரசியல்வாதிங்க. சட்டம் வந்த கொஞ்ச நாள்லயே, நவம்பர் 1-ஆம் தேதி, லூசியானாவோட நியூ ஆர்லியன்ஸுக்குப் புது டீம்! நம்ம ஊர்ல பாலம் கட்டுன கையோட மச்சானுக்குப் பெட்ரோல் பங்க் கிடைக்கற மாதிரி.

1980-கள்ல யுஎஸ்எஃப்எல்னு ஒரு எதிர் லீக். அதுல ஒரு டீம் ஓனர் டொனால்ட் டிரம்ப். என்எஃப்எல் மேல ஏகபோக வழக்குப் போட்டாங்க, 1986-ல ஜெயிச்சாங்க. நஷ்டஈடு ஒரு டாலர். சட்டப்படி மூணு மடங்காக்கி மூணு டாலர் :-) அந்த லீக் அதோட காலி. என்எஃப்எல் தலைமை அலுவலகம் 2015 வரைக்கும் லாப நோக்கமில்லாத அமைப்புன்னு வரிவிலக்கோட இருந்துச்சு. அதுக்கப்புறம் 2021-ல போட்ட டிவி ஒப்பந்தங்கள் பதினோரு வருஷத்துக்குச் சுமார் 11,000 கோடி டாலர்.

நம்ம ஐபிஎல்-லும் சளைச்சதில்லை. 2023-லேருந்து 2027 வரைக்கும் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். இவ்வளவு பணம் புழங்கற பிசிசிஐ எந்தச் சட்டத்துல பதிவாகியிருக்கு தெரியுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. எங்க தெரு இளைஞர் மன்றம் பதிவு பண்ணணும்னாலும் அதே சட்டம்தான்.

க்ரீன் பே மாதிரி ஊரே டீமை வச்சிருக்கற முறையை இன்னொரு டீம் கொண்டுவர இப்போ என்எஃப்எல் விதியே இடம் தராது. ஏன்னு உங்களுக்கே புரியும். ஊர்க்காரன் ஓனரானா கணக்கு கேப்பான்.

அப்புறம் என்னாச்சு?

லோதா சொன்னதை 2016 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. கேக்காத போர்டு தலைவர் அனுராக் தாக்கூரை 2017 ஜனவரியில பதவியை விட்டே எடுத்துச்சு. அதோட வேகம் குறைஞ்சுது. 2018-ல ஒதுங்கி இருக்கிற விதியை ஆறு வருஷத்துக்கு அப்புறம்தான்னு தளர்த்தினாங்க. 2022-ல மாநிலத்துல ஆறு, போர்டுல ஆறு, ஆக பன்னெண்டு வருஷம் தொடர்ந்து உக்காரலாம்னு ஆச்சு. அமைச்சர் வரக் கூடாது, சரி. ஆனா 2019-ல போர்டு செயலாளரானவர் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவோட மகன் ஜெய் ஷா. 2024 டிசம்பர்ல ஐசிசி தலைவராவே ஆயிட்டார். தமிழ்நாட்டுல 2019-ல சங்கத் தலைவரா போட்டியில்லாம வந்தவங்க ரூபா குருநாத். சீனிவாசனோட மகள். ரெட்டை ஈடுபாடு இருக்குன்னு 2021-ல போர்டோட நன்னடத்தை அதிகாரி சொன்னார், அந்த வருஷ முடிவுல ராஜினாமா பண்ணினாங்க. 2022-ல தலைவரா வந்தவர் அசோக் சிகாமணி, அப்போ அமைச்சரா இருந்த பொன்முடியோட மகன்.

இவங்கள்லாம் தப்புப் பண்ணாங்கன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்லை. எங்க ஊர்க் கல்லும் பிள்ளைன்னா கூடாதுன்னு சொல்லலை, கணக்குக் காட்டாதவன் பிள்ளை கூடாதுன்னுதான் சொல்லுது. அப்போ கேள்வி பிள்ளையைப் பத்தி இல்லை, கணக்கைப் பத்தி. 2018-ல மத்திய தகவல் ஆணையம் பிசிசிஐ ஆர்டிஐ-க்குள்ள வரும்னு சொல்லுச்சு, போர்டு எதிர்த்துப் போச்சு. 2025-ல தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தப்போ, மசோதாவுல முதல்ல இருந்த ஆர்டிஐ பிரிவை, அரசுப் பணம் வாங்குற அமைப்புக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. பிசிசிஐ அரசுப் பணம் வாங்கறதில்லையே.

ஒரு வேடிக்கை. சென்னை டீமை 2015-லயே தனிக் கம்பெனியா பிரிச்சு, பங்குகளை இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்குக் கொடுத்தாங்க. 2024 டிசம்பர்ல சிமெண்ட் கம்பெனி பிர்லா குழுமத்தோட அல்ட்ராடெக் கைக்குப் போச்சு. டீம் போகலை, சீனிவாசன் குடும்பத்துகிட்டயே இருக்கு. எழுபது வருஷத்துக்கு மேல வளர்த்த ஆலையை விட்டுட்டு, 2008-ல வாங்கின டீமை வச்சுக்கிட்டாங்க. எது வியாபாரம் எது விளையாட்டுன்னு இதுக்கு மேல யாராவது விளக்கணுமா?

கடைசியா, எங்க மாமா

கோடையில எங்க ஏரி வத்தினா அதுதான் எங்க மைதானம். நான் ஸ்கூல் படிக்கிறப்போ டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடத்துவோம். டீமுக்கு ஐநூறு ரூபா கட்டணம், கடைக்காரங்ககிட்ட நன்கொடை. கணக்கு எங்க தாய்மாமா கையில. ரெண்டு வருஷம் அவர் கணக்கு சொல்லலை. மூணாவது வருஷம் பசங்க கேட்டாங்க. "எங்க மாமாவையே திருடன்றியா?"ன்னு முதல்ல எகிறினவன் நான்தான். வார்த்தை தடிச்சு, டோர்னமெண்ட் ரெண்டா உடைஞ்சு, அடுத்த வருஷம் ரெண்டுமே இல்லை. மாமா அதுக்கப்புறம் ஏரிப் பக்கமே வரலை. காலேஜ் பஸ்ல என்கிட்ட அந்தக் கேள்வி கேட்டவன், அன்னிக்குக் கணக்கு கேட்டவங்கள்ல ஒருத்தன்.

மாமா போன வருஷம் தவறிட்டார். பீரோவைச் சுத்தம் பண்றப்போ ஒரு நாப்பது பக்க நோட்டு கிடைச்சுது. பந்து, ஸ்டம்பு, மைக் செட், சாமியானா, கப்பு, எல்லாத்தையும் அழகா எழுதி வச்சிருக்கார். கடைசிக் கூட்டல்ல வரவை விடச் செலவு 3,200 ரூபா ஜாஸ்தி. கைக்காசு போட்டிருக்கார்.

அந்த நோட்டை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் விரிச்சிருந்தா போதும். தலை நிமிர்ந்து நின்னிருப்பார். கேட்டா அவமானம்னு அவரும் நினைச்சார், நானும் நினைச்சேன். அந்தக் கல்லுல கணக்கு எழுதுறவனே கணக்கைக் காட்டணும்னு ஏன் வெட்டி வச்சாங்கன்னு எனக்கு அந்த நோட்டைப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. திருடனைப் பிடிக்க மட்டும் இல்லீங்க, யோக்கியனைக் காப்பாத்தவும்தான்.

போன பொங்கலுக்கு அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அவன்கிட்ட காட்டினேன். பொறுமையா எல்லாப் பக்கமும் புரட்டினான். "இத்த அப்பவே காட்டியிருக்கலாம் இல்ல?"ன்னான். அவ்வளவுதான் பேசினான்.

டிஸ்கி: நான் இன்னமும் மஞ்சள் சட்டைதான். அதுல மாத்தமில்லை. பின்னூட்டத்துல மும்பைக்காரங்க வந்து கும்மியடிக்க வேண்டாம்னு அன்போட கேட்டுக்கறேன் :-)